புதிய உலையில் முதல் நெருப்பு



நெருப்பு மனிதனுக்கு மிகப் பழைய பணியாள். சோறு சமைக்கவும், மட்பாண்டம் சுடவும், இரும்பை உருக்கவும் நாம் அதனை நெடுங்காலமாக ஏவி வருகிறோம். பொற்கொல்லர் பொன்னைப் புடமிட்டு மாசு நீக்குவதையும் நீங்கள் அறிவீர்கள். மாசு நீக்கும் அந்தத் தொழிலையே இன்று பெரிய அளவில் செய்யும் உலைகள் பல தொழிற்சாலைகளில் இருக்கின்றன. அத்தகைய உலை ஒன்றைப் புதிதாக நிறுவியபின், அதில் முதன்முதலாக நெருப்பேற்றும் நாளில் கைக்கொள்ள வேண்டிய காப்பு முறைகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உலையைக் கொண்டு கழுவ வேண்டிய அழுக்கு எது என்று கேட்பீர்கள். சேற்றை நீர் கழுவும்; எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கழுவும். ஆனால் இரும்பின்மேல் சுட்டு இறுகிய வண்ணப்பூச்சையும், மின்சார மோட்டாரின் கம்பிச் சுருளைக் கல்லாக இறுக்கிப் பிடித்திருக்கும் வார்னிஷையும் நீரும் சோப்பும் அசைக்க மாட்டா. கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்புகளும் மோட்டார்களும் பெருவாரியாகச் செய்யப்படுவதை நீங்கள் அறிவீர்கள். மோட்டார் கருகிவிட்டால் அதற்குப் புதிதாகக் காயில் கட்ட வேண்டும். பழைய கம்பியை உருவி எடுக்க வேண்டுமானால், அதைப் பற்றியிருக்கும் வார்னிஷை முதலில் அகற்றியாக வேண்டும்.

பல பட்டறைகளில் இதற்கு ஓர் எளிய வழி கையாளப்பட்டது. மோட்டாரைத் திறந்த வெளியில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுவார்கள். கரும்புகை தெருவெல்லாம் பரவும். கேடு புகையோடு நிற்பதில்லை. மோட்டாரின் இரும்பு உடல் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டதன்று. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகள் பலவற்றை அடுக்கிச் செய்தது. ஒவ்வொரு தகட்டின் மேலும் மின்சாரம் கடவாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. வெப்பம் ஏறத்தாழ 370 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அப்பூச்சுகளுள் சில வகை கெடத் தொடங்கும். பூச்சு கெட்டால் தகட்டுக்குத் தகடு மின்சாரம் பாய்ந்து சுழன்று வீணாகும். அந்த மோட்டார் மீண்டும் ஓடும். ஆனால் தன் வாழ்நாள் முழுவதும் சூடேறிக்கொண்டும், மின்சாரத்தை வீணடித்துக்கொண்டும் ஓடும். ஆகவே வெப்பத்தை அளந்து ஊட்டும் உலை தேவையாயிற்று.

இவ்வுலை வேலை செய்யும் வகையை விளங்கிக்கொள்ள, இராமநாதபுரம் பக்கத்தில் சீமைக்கருவேல மரத்தைக் கரியாக்கும் மூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விறகை அடுக்கி, மேலே மண் பூசி, காற்று மிகக் குறைவாகப் புகும்படி செய்து உள்ளே கனலவிடுகிறார்கள். காற்று போதாமையால் விறகு சுடர்விட்டு எரிவதில்லை. வெப்பத்தால் சிதைந்து, ஆவியையும் புகையையும் வெளியே விட்டுக் கரியாகிறது. நம் உலையிலும் இதுவே நிகழ்கிறது. அடைத்த அறைக்குள் காற்றைக் குறைத்து, வெப்பத்தைப் பொதுவாக 400 டிகிரியை ஒட்டிய அளவில் வைக்கிறார்கள். தகடு அடுக்கிய மோட்டார்களுக்கு இன்னும் சற்றுக் குறைத்து வைக்கிறார்கள். வார்னிஷ் எரியாமல் சிதைந்து ஆவியாகப் பிரிகிறது. அந்த ஆவியை அப்படியே வானத்தில் விட்டால் ஊருக்குத் தீங்கு. ஆதலால் புகைபோக்கிக்குப் போகும் வழியில் இரண்டாவது அறை ஒன்று உண்டு. அங்கே 800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், போதிய காற்றோடு அந்த ஆவி முற்றிலும் எரிந்து தீர்கிறது. கீழறை புகையை உண்டாக்குகிறது. மேலறை அதனை உண்டுவிடுகிறது. கீழறையில் ஆவி அளவுக்கு மீறிப் பெருகி வெப்பம் விரைந்து ஏறினால், தானாகவே நீரைத் தெளித்து அடக்கும் அமைப்பும் பல உலைகளில் இருக்கிறது.

இனி ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். எரிகின்ற நெருப்பைக் கண்டு அஞ்சுகிறோம். உண்மையில் உலைக்கூடத்தில் மிகுதியும் அஞ்சத்தக்கது எரியாத வாயுவே. எரிகிற வாயு தன் வேலையைச் செய்து அந்தக் கணமே தீர்ந்துபோகிறது. எரியாமல் கசிந்த வாயுவோ மூலையில் சேர்ந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன், காற்றில் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறைவாக இருந்தால் பற்றாது. 15 பங்குக்கு மேற்பட்டாலும் பற்றாது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்தால் ஒரு பொறி போதும், அறை முழுவதும் ஒரே நொடியில் வெடிக்கும். உருளையில் வரும் சமையல் எரிவாயுவுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 2 முதல் 9 பங்கு வரை. கசிவு மிகச் சிறிதாயினும் அந்த எல்லையை எட்டிவிடக் கூடும் என்பது இதனால் விளங்கும். மேலும் மீத்தேன் காற்றினும் இலேசானது; கூரையை நோக்கி எழும். சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. தரையில் படர்ந்து, பள்ளத்திலும் வடிகாலிலும் குளம்போலத் தேங்கும். எந்த வாயுவை எரிக்கிறோம் என்பதை அறியாதவன், காற்றுப் போக்கியை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதையும் அறியான்.

பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவன் ஆதலால், ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலாது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊர் இருக்கிறது. எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த செல்வச் செழிப்பான ஊர். அவ்வூர்ப் பள்ளியில் அறைகளைச் சூடாக்க எரிவாயு பயன்பட்டது. செலவைக் குறைப்பதற்காக, எண்ணெய் வயலில் கழிவாகக் கிடைத்த வாயுவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை. அது எங்கோ கசிந்து, கட்டடத்தின் அடியிலிருந்த வெற்றிடத்தில் ஒருவரும் அறியாமல் நிரம்பியது. 1937-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பிற்பகல், தொழிற்பயிற்சி அறையில் மரம் தேய்க்கும் மின்கருவி ஒன்று முடுக்கப்பட்டது. அதில் எழுந்த பொறியால் பள்ளி முழுவதும் தூக்கியெறியப்பட்டது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலக்க வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் செய்தது. இன்று உங்கள் வீட்டுச் சமையலறையில் வாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் எழுகிறதன்றோ? அது வாயுவின் இயல்பான மணமன்று. எச்சரிக்கைக்காக வேண்டுமென்றே கலக்கப்படுவது.

மிகப் பெரிய தொழிற்சாலைகளும் இதற்கு விலக்கல்ல. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், டெட்ராய்ட் நகருக்கு அருகிலுள்ள ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் ஆலையில், ஆய்வுக்காக நிறுத்தப்பட்டுக் கொண்டிருந்த கொதிகலம் ஒன்றின் உள்ளே எரிவாயு புகுந்து வெடித்தது. அறுவர் உயிரிழந்தனர். மூடியிருக்க வேண்டிய வழி திறந்திருந்தது.

பழகிய உலைக்கே இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமானால், புதிய உலைக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். ஏன்? புதிய உலையில் ஒவ்வொரு வால்வும், ஒவ்வொரு கருவியும் இன்னும் சோதிக்கப்படாதது. உட்சுவரின் செங்கல்லும் பூச்சும் இன்னும் ஈரமுடையன. அதனை இயக்குவோரின் கைகளும் பழகாதவை. பள்ளியில் புதிதாகச் சேரும் மாணவனை அவன் கொண்டுவரும் சான்றிதழை மட்டும் பார்த்து வகுப்பில் வைப்பதில்லை. நாமும் ஒரு தேர்வு வைத்துப் பார்க்கிறோம். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்ப வேண்டும் என்பது அதன் கருத்து. மனிதருக்குச் சொன்ன அந்த நெறி இயந்திரத்துக்கும் முற்றும் பொருந்தும்.

அந்தத் தேர்வை எவ்வாறு நடத்துவது? வாயுவைத் திறப்பதற்கு முன்னரே, குளிர்ந்த நிலையில் பாதித் தேர்வு முடிந்துவிட வேண்டும். முதலில் காற்று விசிறி. மும்முனை மின்சாரத்தில் இரண்டு கம்பிகள் இடம் மாறினால் விசிறி எதிர்ப்புறமாகச் சுழலும். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. இவ்வுலைகளில் பொருத்தும் வகை விசிறி எதிர்ப்புறம் சுழன்றாலும், முன்போலவே அதே திசையில் காற்றைத் தள்ளும். ஆனால் அளவு குறைந்துவிடும். கையை நீட்டிப் பார்த்துக் 'காற்று வருகிறது' என்று சொல்பவர் ஏமாந்துபோவார். அச்சு சுழலும் திசையைக் கண்ணால் பார்க்க வேண்டும். காற்றின் அளவைக் கருவியால் அளக்க வேண்டும். அடுத்தது வாயுக் குழாய். இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியைக் காட்டிக் கசிவைத் தேடுபவன் அதனைக் கண்டுபிடிப்பான். கண்டதைச் சொல்ல அவன் இருக்கமாட்டான்.

இதன்பின் தேர்வின் உயிரான பகுதி வருகிறது. நாமே வேண்டுமென்று ஒவ்வொரு பிழையையும் உண்டாக்கி, உலை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். விசிறியை நிறுத்திப் பார். வாயு வால்வு உடனே மூடுகிறதா? சுடரைக் கண்காணிக்கும் கண்ணை மறைத்துப் பார். சில விநாடிகளுக்குள் வாயு நிற்கிறதா? வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளின் கம்பியைக் கழற்றிப் பார். உலை என்ன எண்ணுகிறது? இரண்டு வேறு உலோகங்களின் சந்திப்பில் வெப்ப வேறுபாட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் சீபெக் 1821-இல் கண்டார். அதனால் விளைந்த கருவியே இது. அதன் கம்பி அறுந்தால் மின்னழுத்தம் இல்லை. மின்னழுத்தம் இல்லாமையைக் 'குளிர்ச்சி' என்று தவறாகப் பொருள்கொள்ளும் கருவியானால், மேலும் மேலும் நெருப்பை ஊட்டிக்கொண்டே போகும். நல்ல கருவி அதனை ஆபத்து என்று கொண்டு உலையை நிறுத்த வேண்டும். அது அவ்வாறு செய்கிறதா என்பதைக் கழற்றிப் பார்த்தாலன்றி அறிய இயலாது.

இதில் நான் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் புதிய உலை ஒன்றை வாங்கி, முதல் நெருப்பேற்றும் நாளுக்கு என்னையும் அழைத்திருந்தார். கோடைக்காலம். கருகிய மோட்டார்கள் வரிசையாகக் காத்திருந்தன. ஒவ்வொரு மோட்டாருக்கும் பின்னால் வாடுகின்ற பயிர் ஒன்று இருந்தது. உழவர் சிலர் வாயிலிலேயே நின்றிருந்தனர். நல்ல நேரம் பார்த்து அவருடைய தாயார் விளக்கேற்றிவிட்டார்.

அவ்வுலையின் வாயுக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வால்வுகள் இருந்தன. இரண்டையும் மூடிவிட்டு, அவற்றுக்கு இடையேயுள்ள சிறு குழாயின் முனையை ஒரு குவளை நீரில் அமிழ்த்தினார்கள். நீரில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. முதல் வால்வு முழுதும் மூடவில்லை என்பது தெளிவாயிற்று. உலையை நிறுவ வந்த மூத்த மெக்கானிக், "புது வால்வு முதலாளி, நாலு நாள் ஓடினால் தானே படிந்துவிடும். இன்னொரு வால்வுதான் நன்றாக இருக்கிறதே!" என்றார்.

என் மாணவர் அமைதியாகச் சொன்னார்: "அண்ணா, ஒன்று கெட்டாலும் இன்னொன்று காக்கட்டும் என்றுதானே இரண்டு வைத்திருக்கிறார்கள்? கெட்ட ஒன்றோடு இன்று தொடங்கினால், நம்மிடம் இருப்பது ஒரே வால்வுதானே?"

மெக்கானிக் மறுமொழி சொல்லவில்லை. அன்று உலை எரியவில்லை. வால்வைக் கழற்றிப் பார்த்தபோது, குழாயைப் பற்றவைத்த காலத்தில் உள்ளே உதிர்ந்த கசடு, கடுகளவு, அதன் இருப்பிடத்தில் சிக்கி மேற்பரப்பைக் கீறியிருந்தது. வால்வைப் பொருத்துமுன் குழாயைக் காற்றடித்துத் தூய்மை செய்யாததன் விளைவு அது. குழாய் முழுவதையும் ஊதித் துடைத்து, வேறு வால்வு வரவழைத்துப் பொருத்த ஆறு நாட்கள் ஆயின. அந்த ஆறு நாட்களில் உழவர் சிலர் தம் மோட்டார்களை வண்டியேற்றி வேறு பட்டறைக்குக் கொண்டுபோயினர். அவருக்கு அது உண்மையான இழப்பே. ஆனால் அந்தக் கூடத்தில் பணிபுரிந்த பதினொருவரும் மாலையில் வீடு திரும்பினர். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து எடைபோட முடியுமா?

குளிர்ந்த நிலைத் தேர்வு முடிந்தபின் நெருப்பேற்றும் கட்டம் வருகிறது. ஒவ்வொரு முறையும் சுடரை மூட்டுமுன், உள்ளே தங்கியிருக்கக்கூடிய வாயுவைப் புதுக்காற்றால் கழுவி வெளியேற்ற வேண்டும். உலையின் கொள்ளளவைப்போல் நான்கு மடங்கு காற்றாவது செல்ல வேண்டும் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட விதி. நீளம், அகலம், உயரம் மூன்றும் 2 மீட்டராக உள்ள அறையின் கொள்ளளவு 8 கனமீட்டர். நான்கு மடங்கு 32 கனமீட்டர். விசிறி நிமிடத்துக்கு 16 கனமீட்டர் காற்றைத் தருமானால், குறைந்தது 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்புக் கணக்கு! ஆயினும் இந்த இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்த எண்ணி உயிரை இழந்தவர் உண்டு. முதல் முயற்சியில் சுடர் பற்றவில்லையானால், வாயுவை மூடிவிட்டு மறுபடியும் முழு நேரமும் காற்றால் கழுவ வேண்டும். சுடர் பற்றாத முயற்சியின்போது உள்ளே சென்ற வாயு அங்கேயே இருக்கிறது. பொறுமையிழந்து செய்யும் இரண்டாவது முயற்சியில் அது வெடிக்கக் கூடும்.

சுடர் நின்று எரிகிறது. உடனே முழு வெப்பத்துக்கு ஏற்றலாமா? கூடாது. ஊர்க் குயவரைக் கேளுங்கள். பச்சை மண்பாண்டத்தை நிழலில் உலர்த்தி, சூளையில் முதலில் இளந்தீயே இட்டு, ஈரமெல்லாம் போனபின்தான் தீயை வளர்ப்பார். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. உலைச் சுவரின் உள்ளே அகப்பட்ட ஈரம் திடீரென ஆவியானால், வெளியேற வழியின்றிச் சுவரைப் பிளக்கும். சில வேளை கற்களைத் தெறிக்கவும் செய்யும். ஆகையால் 100 டிகிரியைச் சற்றுத் தாண்டிய நிலையில் நெடுநேரம் நிறுத்தி, பிறகு படிப்படியாக, உலையைச் செய்தவர் வகுத்துத் தந்த அட்டவணையின்படி ஏற்ற வேண்டும். இதனை விரைவுபடுத்த வழியில்லை.

பின்னர் முதல் சுமை. அது சிறியதாகவும், நன்கு அறிந்த பொருளாகவும் இருக்க வேண்டும். இங்கே மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இவ்வுலையில் இரும்பின் எடை அவ்வளவு முக்கியமன்று. அதன்மேல் ஒட்டியுள்ள பூச்சின் எடையே முக்கியம். ஏனெனில் பூச்சுதான் எரிபொருள். உள்ளே வைக்கக் கூடாதவற்றையும் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். மூடிய பாத்திரம் கூடாது, வெடிக்கும். பி.வி.சி. உறையிட்ட கம்பி கூடாது. அதன் புகையிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறந்து மூச்சையும் இரும்பையும் அரிக்கும். மக்னீசியம் கலந்த உலோகம் கூடாது. அது பற்றிக்கொண்டால் நீரை ஊற்றினாலும் அணையாது, மேலும் சீறும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்த அளவை எட்டுவதற்கு வெகுமுன்னரே வலுவிழக்கும்.

மேலறை தனக்குரிய வெப்பத்தை அடைந்தபின்னரே கீழறையைச் சூடாக்க வேண்டும். இல்லையேல் புகை எரியாமல் வெளியேறும். வேலை நடக்கும்போது கதவைத் திறக்கவே கூடாது. உள்ளே சூடான ஆவி காற்றுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறது. கதவு திறந்தால் அது வெளியே பாய்ந்து எரியும். இத்தனைக்கும் பிறகு வெடிப்பு நேர்ந்தாலும் அதன் வேகம் வெளியேறுவதற்கென்று உலையில் ஒரு மடிப்பலகை வைத்திருப்பார்கள். அதன்மேல் சாமான்களை அடுக்குவதும், அதற்கு எதிரே ஆட்களை நிறுத்துவதும் அறியாமை.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை பொறியாளராகவும், மேற்பார்வையாளராகவும், பட்டறை முதலாளிகளாகவும் ஆவீர்கள். அப்போது யாரேனும் ஒருவர் உங்களிடம் வந்து, "இந்தக் காப்புக் கருவி அடிக்கடி உலையை நிறுத்துகிறது, ஒரு கம்பியை இணைத்து இதனை விலக்கிவிடலாம்" என்று சொல்வார். அவர் தீயவராக இருக்கமாட்டார். வேலை முடியவேண்டுமே என்னும் அக்கறையுள்ளவராகவே இருப்பார். அவரிடம் சினம் கொள்ளாதீர்கள். அக்கருவி ஏன் நிறுத்துகிறது என்று அவரோடு அமர்ந்து ஆராயுங்கள். ஆனால் அந்தக் கம்பியை இணைக்க ஒருபோதும் உடன்படாதீர்கள். தேர்வில் தோற்ற மாணவன் அடுத்த ஆண்டு மீண்டும் எழுதலாம். தேர்வு வைக்காத உலை தோற்கும் நாளில், மீண்டும் எழுதுவதற்கு எவரும் மிஞ்சாமற் போகலாம்.

நெருப்புக்கு நண்பரும் இல்லை, பகைவரும் இல்லை. நாம் வகுத்த வழியில் அது செல்லும். வழி வகுக்காவிடில் தன் வழியில் செல்லும். வழி வகுப்பது அறிவு. வகுத்த வழி சரிதானா என்று சோதிக்கும்வரை காத்திருப்பது பண்பு. அறிவோடு அந்தப் பண்பும் உங்களிடம் வளர்வதாக.